கலவை வேறு, கலப்படம் வேறு

போன இதழில் என் வேலையைப் பற்றி எழுதியதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நான் நினைக்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் காரைக்கால்காரி. தெற்கு பிரான்சில், பெசியே நகருக்கு வடக்கே மலையடிவாரக் கிராமம் ஒன்றில், திராட்சை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஒயின் கூடத்தில் 22 வருடமாக ஆய்வக வேலை பார்க்கிறேன். அந்தக் கூடத்தை இங்கே எல்லோரும் 'காவ்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி எங்கள் பக்கத்துச் சிவப்பு ஒயினைப் பற்றியவை. அதனால் இந்த முறை அது மட்டும்.

என் மகன் துலூஸிலிருந்து வரும்போது ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தான். பின்பக்கம் கிரெனாஷ், சீரா, கரிஞான் என்று மூன்று திராட்சைப் பெயர்கள். கேட்டால் 'பிளெண்ட்' என்கிறான். மூன்றைக் கலந்தால் அது கலப்படம்தானே? ஒரே திராட்சையில் செய்வதுதானே சுத்தம்?
– வாசகி, திருச்சி

இல்லை அம்மா. கலவை வேறு, கலப்படம் வேறு. தண்ணீர் ஊற்றி, சர்க்கரை கொட்டி, சாயம் ஏற்றி அளவைப் பெருக்கினால் அது கலப்படம். உங்கள் மகன் கொண்டுவந்தது கலவை. மூன்று ரகத் திராட்சையையும் தனித்தனியே பறித்து, தனித்தனித் தொட்டியில் நொதிக்கவைத்து, குளிர்காலத்தில் ஒன்றாகச் சேர்ப்பது. சாம்பார்ப் பொடியில் மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, வெந்தயம் எல்லாம் இருக்கிறது. அதைக் கலப்படம் என்று யாரும் சொல்வதில்லையே.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை, பல் விளக்கிய வாசனை போன பிறகு, காப்பி குடிக்காமல் நாலு பேர் ஆய்வகத்தில் உட்காருவோம். மேசையில் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் எடுத்த ஒயின் மாதிரிகள். என் கையில் 100 மில்லி அளவுக் குழாய். 50 மில்லி கிரெனாஷ், 30 சீரா, 20 கரிஞான் என்று ஊற்றிக் கலக்கி, நாலு கிளாஸில் பிரித்து, முகர்ந்து, வாயில் சுழற்றித் துப்புவோம். அப்புறம் 45, 35, 20. அப்புறம் 45, 30, 25. கரிஞான் 20-இலிருந்து 25 ஆனதும் வாயின் ஓரத்தில் புளிப்பு கூடி, ஒயின் நிமிர்ந்து உட்காருவதுபோல இருக்கும். 30-க்குப் போனால் அதே புளிப்பு முரட்டுத்தனமாகிவிடும். அந்த 5 மில்லிக்காக ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம். ஒரு நாளில் பதினோரு கலவை பார்த்ததுண்டு. ஏழாவதற்கு மேல் நாக்கு மரத்துப்போகும்; ரொட்டி கடித்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கு லாங்குதோக் என்று பெயர். அந்தப் பெயரை லேபிளில் போட வேண்டும் என்றால் சிவப்பு ஒயினில் ஒரே ரகம் மட்டும் இருக்கக் கூடாது, இரண்டாவது சேர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 'ஒரே திராட்சை' என்று விற்பதிலும் ஐரோப்பிய விதிப்படி 85 சதவீதம் அந்த ரகம் இருந்தால் போதும். மீதி 15 வேறாக இருக்கலாம். அதனால் ஒற்றைப் பெயரைப் பார்த்துச் சுத்தம் என்று முடிவு செய்யாதீர்கள்.

கலப்படம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்றைக்கும் முகம் மாறும். காரணம் 1907. அதற்கு முன்னால் 1863 வாக்கில், ஃபிலோக்ஸெரா என்ற பூச்சி, அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு ரோன் ஆற்றுப் பக்கம் இறங்கி, பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்றது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். மறுபடி நட்டபோது தெற்கில் நிறையப் பேர் அரமோன் என்ற ரகத்தை வைத்தார்கள். காய்ப்பு கொட்டும், ஆனால் நிறமும் இல்லை, சத்தும் இல்லை. வியாபாரிகள் அதில் அல்ஜீரிய ஒயினை ஊற்றிக் கறுப்பாக்கினார்கள். இன்னொரு பக்கம் பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து 'ஒயின்' செய்தார்கள். விலை தரைமட்டமானது. உண்மையாகப் பயிர் செய்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அர்ழெலியே என்ற சின்ன ஊரில் காப்பிக் கடை வைத்திருந்த மார்சலன் அல்பேர் தலைமையில், 1907 மார்ச் 11-ஆம் தேதி 87 விவசாயிகள் நார்போனுக்கு நடந்தார்கள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு நகரமாகக் கூட்டம். ஜூன் 9-ஆம் தேதி மொன்பெலியேவில் 5 லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். நார்போனில் ராணுவம் சுட்டு ஆட்கள் செத்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17-ஆம் படைப்பிரிவு, தன் சொந்த ஜனங்களுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று கிளர்ந்தது. ஜூன் 29-இல் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. அறுவடையில் எவ்வளவு ஒயின் வந்தது என்று ஒவ்வொருவரும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அந்தக் கணக்கை இன்றும் ஒவ்வொரு வருடமும் எங்கள் காவில் நான் உட்கார்ந்து சரிபார்க்கிறேன். மார்சலன் அல்பேர் கதைதான் மனதைப் பிசையும். பாரிஸுக்குப் போய்ப் பிரதமர் கிளெமான்சோவைப் பார்த்தார். திரும்ப ரயிலுக்குக் காசில்லை என்று அவரிடம் 100 பிராங்க் வாங்கிக்கொண்டார். கிளெமான்சோ அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். ஊர் அவரைத் துரோகி என்றது. 100 பிராங்க், ரயில் டிக்கெட்டுக்கு! எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

வைன் எப்படி 'டிரை' ஆகும்? அதுவும் தண்ணிதானே. குடிச்சா நாக்கை இழுத்துப் பிடிக்குது, அதைத்தான் டிரை எண்டு சொல்லுறீங்களோ அக்கா?
– வாசகர், பாரிஸ்

தம்பி, இந்தக் குழப்பம் பிரெஞ்சுக்காரர்களுக்கே உண்டு. நம்மிடம் ஒரு நல்ல சொல் இருப்பதால் நமக்கு இது எளிது. டிரை, பிரெஞ்சில் 'செக்', என்றால் சர்க்கரை இல்லை என்று மட்டுமே பொருள். நாக்கை இழுத்துப் பிடிப்பதற்கு நம் சொல் துவர்ப்பு. பாக்கு மென்றால், கடுக்காய் கடித்தால், நாவல்பழம் தின்றால் வருவது. திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் உள்ள டானின் என்ற பொருள் அதைத் தருகிறது. இனிப்பான ஒயினிலும் துவர்ப்பு இருக்கலாம்; டிரை ஒயினில் துவர்ப்பே இல்லாமலும் இருக்கலாம். வெள்ளை ஒயின் பெரும்பாலும் அப்படித்தான். எங்கள் சிவப்பில் இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

சர்க்கரை எங்கே போகிறது என்றால், ஈஸ்ட் தின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீதம் ஆல்கஹால் வரும். நன்றாகப் பழுத்த கிரெனாஷ் சாற்றில் லிட்டருக்கு 240 கிராம் இருக்கும். கணக்குப் போட்டால் 14 சதவீதம். லிட்டருக்கு 4 கிராமுக்குள் இறங்கிவிட்டால் அது டிரை. தினமும் இரண்டு வேளை தொட்டித் தொட்டியாகப் போய், உயரமான கண்ணாடிக் குவளையில் சாறு பிடித்து மிதவை மானியை விடுவேன். பாலில் தண்ணீர் பார்க்க விடுகிற லாக்டோமீட்டர் இருக்கிறதே, அதன் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் விட்டால் 1000 காட்டும். சாற்றில் முதல் நாள் 1100 காட்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் 1000-ஐத் தாண்டிக் கீழே இறங்கி 993-இல் நிற்கும். தண்ணீரைவிட லேசாகிவிட்டது என்று அர்த்தம். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு.

எப்போதும் இப்படி ஒழுங்காக இறங்காது. என் மூன்றாவது அறுவடையில், ஒரு பெரிய தொட்டி கிரெனாஷ் 1002-இல் நின்றுவிட்டது. அன்று ராத்திரி குளிரூட்டும் தண்ணீர் வரும் குழாயை யாரோ மூடியிருந்தார்கள். சாறு 36 டிகிரிக்கு ஏறி ஈஸ்ட் செத்துப்போனது. மறுநாள் 1002, அதற்கு மறுநாளும் 1002. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை மிச்சமிருக்கும் ஒயினில் கெட்ட பாக்டீரியா புகுந்தால் தொட்டி முழுக்கப் புளித்துக் காடியாகும். நாற்பது குடும்பத்தின் திராட்சை அதில் இருந்தது. நன்றாக நொதித்துக்கொண்டிருந்த வேறொரு தொட்டியிலிருந்து சாறு எடுத்து, அதற்கு இந்த ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, பிறகு மொத்தத்தில் ஊற்றினோம். தயிருக்கு உறை ஊற்றுவதுதான், அளவு மட்டும் பெரிது. நாலாம் நாள் காலையில் 1000. ஏணியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரே ரகம்தான். உங்கள் ஊரில் நாலைந்து ரகம் எதற்கு? நல்லது ஒன்றைப் பார்த்து நட்டால் வேலை மிச்சமில்லையா?
– வாசகர், கம்பம்

ஐயா, உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். உங்கள் பன்னீர் திராட்சை இங்கேயும் இருக்கிறது தெரியுமா? மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் அது. எங்களுக்குக் கிழக்கே வாந்து மலைப்பக்கத்தில் பறித்துத் தின்னும் பழமாக விளைவிக்கிறார்கள். உங்களுடையதற்குக் கிடைத்த புவிசார் குறியீடுபோல அதற்கும் ஊர்ப் பெயரிலேயே பாதுகாப்பு உண்டு.

உங்களுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம், உங்கள் கொடி தூங்குவதில்லை. கவாத்து செய்தால் காய்க்கும், வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். எங்கள் கொடி நவம்பரில் இலை உதிர்த்தால் மார்ச் கடைசி வரை கட்டைதான். வருடத்துக்கு ஒரே வாய்ப்பு. அந்த ஒரு வாய்ப்பில் மே மாத மழையோ, ஜூலை வறட்சியோ, செப்டம்பரில் மலையிலிருந்து கொட்டும் பேய்மழையோ ஒரு ரகத்தைக் கெடுத்தால் இன்னொன்று காப்பாற்ற வேண்டும். நாலைந்து ரகம் நட்ட பழக்கத்துக்கு அடிப்படை அந்தப் பயம்தான்; ருசி பற்றிய யோசனை பின்னால் வந்தது.

கிரெனாஷ் ஸ்பெயினிலிருந்து வந்த ரகம். வறட்சி தாங்கும், காற்றுக்கு அசையாது, சர்க்கரை அள்ளித் தரும். ஆனால் பூக்கும்போது குளிரோ மழையோ வந்தால் பூ கொட்டிவிடும். தோல் மெல்லியது, நிறம் சீக்கிரம் பழுப்பாகும். அதற்கு நிறம் கொடுக்கச் சீரா. அதன் சொந்த ஊர் வடக்கு ரோன். எங்கள் பக்கம் பெருமளவில் வந்தது 1970-களுக்குப் பிறகுதான். மூர்வெத்ர் என்ற ரகம் கடல் பக்கத்து மனிதர் மாதிரி. தலை வெயிலிலும் கால் தண்ணீரிலும் இருக்க வேண்டும் என்று அதைப் பற்றிப் புரோவான்ஸில் ஒரு பேச்சு. கடைசியாகப் பழுக்கும், கடினமான துவர்ப்பு, ஆனால் ஒயினை வருடக்கணக்கில் நிற்கவைக்கும். சான்சோ லேசானது, ரோஸ் என்கிற இளஞ்சிவப்பு ஒயினுக்கு நிறையப் போகும்.

கரிஞானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், அது எனக்குப் பிடித்த ரகம். அதுவும் ஸ்பெயின் வழி வந்ததுதான். ஒரு காலத்தில் இதை வெறுமனே அளவுக்காகப் போட்டார்கள். லிட்டர் கணக்கில் விற்ற ஒயின். பிறகு 1980-களில் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று ஐரோப்பாவே சொன்னது. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் போயிற்று. பிடுங்க மனமில்லாத சில பிடிவாதக்காரர்களின் கொடிகள் இன்று 80, 90 வயதில் நிற்கின்றன. எங்கள் உறுப்பினர் ஒருவரின் தோட்டம் அப்படி. பந்தல் கிடையாது, கம்பி கிடையாது; இடுப்பளவு உயரத்தில் முறுக்கிய கட்டை, அதிலிருந்து கை விரித்ததுபோல நாலைந்து கிளை. மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, பலகைபலகையாக உடையும் கறுப்புக் கல். ஒரு கொடிக்கு ஒன்றரைக் கிலோ கிடைத்தால் அதிகம். அந்தக் கிழட்டுக் கொடியின் பழம் வருகிற நாளில் நான் ஆய்வகத்தை விட்டு இறங்கி நேரே எடை மேடைக்குப் போய் நிற்பேன்.

லேபிளில் மிளகு, கறுப்பு ஆலிவ், தைம் என்றெல்லாம் எழுதியிருக்கிறதே. அதையெல்லாம் உள்ளே போடுகிறார்களா?
– வாசகி, புதுச்சேரி

ஒன்றும் போடுவதில்லை. ஆனால் மிளகு விஷயம் வெறும் வர்ணனையும் இல்லை. ரோட்டன்டோன் என்ற ஒரு பொருள்தான் மிளகுக்கு அந்த வாசனையைத் தருவதில் முக்கியமானது. அதே பொருள் சீரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். விசேஷம் என்னவென்றால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது 'மிளகாவது ஒன்றாவது' என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். அவர் மூக்கு அப்படி.

குளிர்ந்த சரிவில் விளைந்த சீராவில் இது கூடுதல், கொதிக்கிற சமவெளியில் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் காவ் பொறுப்பாளர் ஒரு கிளாஸை நீட்டி என்ன தெரிகிறது என்றார். மிளகு என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், இன்னும் சொல் என்றார். டப்பாவில் இருக்கிற மிளகு இல்லை, ரசத்துக்கு அம்மியில் அப்போதுதான் தட்டின மிளகு, கூடக் கொஞ்சம் கல்லின் ஈரம் என்றேன். அவருக்கு அம்மி என்றால் என்ன என்று விளக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. அதற்கப்புறம் சீராவின் மாதிரி எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும்.

தைம், ரோஸ்மேரி எல்லாம் எங்கள் மேட்டுநிலத்துக் காட்டுப் புதர்கள். 'காரிக்' என்பார்கள். ஜூலையில் அந்தப் பக்கம் நடந்தால் செருப்பெல்லாம் மணக்கும். அந்த மணம் நேராக ஒயினுக்குள் வருகிறதா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த விவசாயிகள் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நான் அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். மணப்பது மட்டும் நிஜம்.

நான் சைவம். ஒயின் சைவம்தானே?
– வாசகர், கும்பகோணம்

எப்போதும் அல்ல. ஒயினில் மிதக்கும் தூசியையும் மிகையான துவர்ப்பையும் படியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு, பால்புரதம், மீனின் காற்றுப்பை இவற்றில் ஒன்றைச் சேர்த்து, படிந்ததும் எடுத்துவிடும் பழைய முறை உண்டு. முட்டையோ பாலோ மிச்சம் இருந்தால் லேபிளில் போட்டாக வேண்டும். இப்போது பல காவ்களில் பட்டாணிப் புரதமும் களிமண்ணும் பயன்படுத்துகிறார்கள். 'வேகன்', அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேர்க்காதது, என்று அச்சிட்டிருந்தால் நம்பி வாங்கலாம்.

தினமும் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று என் மைத்துனர் சொல்லிச் சொல்லி எனக்கும் பழக்கிவிட்டார். வயது 58. சரிதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

சரியில்லை ஐயா. என் சம்பளம் இந்த ஒயினிலிருந்து வருகிறது, இருந்தாலும் சொல்கிறேன்: மருந்து என்று நினைத்து ஒரு சொட்டும் குடிக்காதீர்கள். 1990-களில், பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்புத் தின்றும் இதய நோய் குறைவு, காரணம் சிவப்பு ஒயின் என்று ஒரு பேச்சு உலகமெல்லாம் பரவியது. அந்தப் பேச்சு இன்று நிற்கவில்லை. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் தெளிவாகச் சொன்னது. பிரான்சு அரசின் சுகாதார அறிவுரையே வாரத்துக்கு 10 கிளாஸுக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் 2-க்கு மேல் வேண்டாம், குடிக்காத நாட்களும் இருக்கட்டும் என்பது. அது மேல் எல்லை, இலக்கு அல்ல. கர்ப்பிணிகளுக்குப் பூஜ்யம், அந்தச் சின்னப் படம் எங்கள் ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கும். உங்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது இருந்தால் மைத்துனரை விட்டுவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். குடிக்காதவர் யாரும் ஒயினுக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டியதே இல்லை.

அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்கிறார்கள். சென்னையில் மே மாத அறை 34 டிகிரி. அப்புறம், நம் சாப்பாட்டுக்கு இது ஒத்துவருமா?
– வாசகர், சென்னை

அந்த 'அறை' பழைய காலத்துப் பிரெஞ்சு வீட்டு அறை, கல் சுவர், 16, 17 டிகிரி. 34-இல் குடித்தால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், வேறொன்றும் தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்து கால் மணி நேரம் வெளியே வைத்த பிறகு ஊற்றுங்கள். திறந்த பாட்டிலைத் தக்கை போட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

சாப்பாடு விஷயத்தில் மிளகாய்தான் எதிரி. ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தை இரண்டு மடங்காகக் காட்டும். ஆந்திரா மீல்ஸோடு முயற்சி செய்து நாக்கைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்ட ஆட்டுக்கறி வறுவலுக்கு எங்கள் சீரா கலவை அண்ணன் தம்பிபோல. தணலில் சுட்ட கத்தரிக்காயும் நன்றாக இருக்கும். புளிக்குழம்பு வேண்டாம், புளிக்கு முன்னால் ஒயின் செத்துவிடும். இங்கே ஈஸ்டருக்கு ஆட்டுத் தொடையைத் தைம், பூண்டு வைத்து அடுப்பில் வாட்டுவார்கள். நான் அதோடு மிளகைக் கூட்டிப் போட்டு, வேலை பார்க்கும் இடத்துக்கே பாத்திரத்தோடு கொண்டுபோயிருக்கிறேன். பாத்திரம் கழுவினதுபோலத் திரும்பி வந்தது.

பிரான்சில் வெயில் தாங்கவில்லை, தோட்டங்களைப் பிடுங்குகிறார்கள் என்று செய்தியில் பார்த்தேன். உண்மையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

உண்மை. 2019 ஜூன் 28-ஆம் தேதி எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி. பிரான்சில் பதிவான அதிகபட்சம் அது. மறுவாரம் உடன் வேலை பார்ப்பவரின் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். வரிசையின் ஒரு பக்கம் பச்சை. மேற்கு பார்த்த மறுபக்கத்தில் இலைகள் தீயில் காட்டியதுபோலக் கருகி, தொட்டால் அப்பளம்போல நொறுங்கின. கடுகளவு காய்கள் கொத்தோடு காய்ந்து தொங்கின. பூஞ்சைக்கு கந்தகத்தூள் தூவிய வரிசைகளில் இன்னும் மோசம். அந்த மனிதர் ஒன்றும் பேசவில்லை. ஒரு கொத்தைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிடுங்குவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1960-களில் ஆளுக்கு வருடம் 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. எல்லாவற்றையும்விடச் சிவப்புதான் அதிகம் விழுந்திருக்கிறது. குடிப்பது குறைந்தது நல்லதே, மேலே நானே அதைத்தான் சொன்னேன். ஆனால் தலைமுறையாக வேறு பயிர் தெரியாத மேட்டுநிலத்துக்காரர் என்ன செய்வார்? கடைசியாக வந்த அரசுத் திட்டம், ஒரு ஹெக்டேர் பிடுங்கினால் 4,000 யூரோ, நம் கணக்கில் இரண்டரை ஏக்கருக்கு. எங்கள் உறுப்பினர்களிலேயே பலர் கையெழுத்துப் போட்டார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் படிவம் நிரப்ப என்னிடம் வந்தார். 'எந்த ரகம்' என்ற கட்டத்தில் கரிஞான் என்று எழுத வேண்டியிருந்தது. அவர் அப்பா நட்டது. நான் எழுதினேன்.

சிலர் மேலே, குளிர்ந்த பக்கம் ஏறி நடுகிறார்கள். சிலர் கிரேக்க, இத்தாலிய ரகங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். வறட்சி தாங்குகிறது என்று கரிஞானையே திரும்ப நடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரே ரகத்தை நம்பி நட்டவர்கள்தான் இந்தச் சில வருடங்களில் அதிகம் அடிபட்டார்கள் என்பது என் கண்ணால் பார்த்தது.

நான் மொன்பெலியேவில் எம்.எஸ். படிக்கிறேன். அறுவடை வேலை கிடைக்குமா அக்கா? என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– வாசகர், மொன்பெலியே

கிடைக்கும் தம்பி. மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்கென்றே தனி ஒப்பந்தம் இருக்கிறது, ஒன்று அதிகபட்சம் ஒரு மாதம். ஒப்பந்தம் கையில் இல்லாமல் தோட்டத்தில் கால் வைக்காதீர்கள், நாளைக்குத் தருகிறேன் என்றாலும். இப்போதெல்லாம் ஆகஸ்ட் நடுவிலேயே வெள்ளைத் திராட்சையில் தொடங்கிவிடுகிறது, சிவப்பு செப்டம்பர். சமவெளியில் எல்லாம் இயந்திரம். கையால் பறிப்பது மேட்டுத் தோட்டங்களில்தான், முக்கியமாகக் கிழட்டுக் கரிஞான். அதன் கொத்து கட்டையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் இயந்திரத்துக்குச் சுலபத்தில் அகப்படாது.

முதல் மூன்று நாள் இடுப்பு விட்டுப்போகும், நாலாம் நாள் பழகும். கத்தரிக்கோல் இல்லாத கை எப்போதும் கொத்துக்கு அடியில் இருக்கட்டும். புதியவர்கள் எல்லோரும் வெட்டிக்கொள்வது அந்த இடது கைச் சுட்டுவிரலைத்தான். இரண்டு லிட்டர் தண்ணீர், கழுத்தை மூடும் தொப்பி, முழுக்கைச் சட்டை. காவுக்குள் தொட்டிப் பக்கம் யார் கூப்பிட்டாலும் தனியே இறங்காதீர்கள். நொதிக்கும் தொட்டியிலிருந்து வரும் கரியமிலவாயு தரையோடு தேங்கி நிற்கும், வாசனையே தெரியாது, இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். வாயு மானி ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டு, கூட ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் நானே இன்றைக்கும் இறங்குகிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் இந்த இதழுக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். எங்கள் உறுப்பினர்களில் யாருக்கு ஆள் தேவை என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிடும்.